பத்தில் ஒன்று

நாள் 201, காலை 06:10
செவ்வாய், கீழ்க்குகை நிலையம். எழுதுவது இசக்கியம்மாள், உயிர்ச்சூழல் பொறுப்பு. பாசித் தொட்டி நலம். தொண்ணூறு ஜிலேபி மீன்களும் நலம். ஆட்கள் இரண்டே பேர். நான் தெற்கு அறையில், பாசித் தொட்டியோடு. மின்சாரப் பொறுப்பாளர் சூசை மிக்கேல் அண்ணன் முந்நூறு மீட்டர் சுரங்கம் தாண்டி, மீன் கூடத்தில். வெளியே புழுதிப் புயல் தொடங்கியிருக்கிறது.

நாள் 203, 14:30
சூரியத் தகடுகளில் புழுதி. விளக்கு வெளிச்சம் நாற்பது சதவீதம். உணவோடு கப்பல் வர இருபத்திரண்டு நாள்.
கணக்கு எளிது. விளக்கின் சக்தியைப் பாசி பிடித்து வைக்கிறது. அதை மீன் தின்றால் பத்தில் ஒரு பங்குதான் சதையாகிறது. மீதி ஒன்பதும் நீந்தியும் மூச்சுவிட்டும் சூடாகிப் போய்விடும், திரும்பாது. பஞ்ச காலத்தில் இடைத்தரகர் ஆகாது. எல்லா மீனையும் கொன்று அனுப்பச் சொல்லிவிட்டேன் அண்ணனிடம். அவை தீர்ந்தால் பாசிக் களிதான், ஆளுக்கு அரை வயிறு.

நாள் 204, 09:00
சுரங்க வண்டியில் வந்தவை எழுபத்தெட்டு. மீதி எங்கே என்று கேட்டேன். ஒலிபெருக்கியில் பதில்: "பன்னிரண்டு முந்தியே செத்து நாறிப்போச்சு, டாக்டரம்மா. அதப் போயி அனுப்பச் சொல்லுதியளா?"
நம்பினேன்.

நாள் 211, 19:15
அண்ணன் தினமும் வெளியே போய்த் தகடு துடைக்கிறார். இன்று: "களி இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போடுங்களேன்."
பசியில் எனக்கே காது அடைக்கிறது. "வயித்துக்கிட்ட வாய்தா கேளுங்கண்ணே" என்று கிண்டல் செய்து மறுத்துவிட்டேன்.

நாள் 216, 18:50
அவர் குரல் தேய்ந்திருக்கிறது. "நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்பிட்டியளா?" ஒரே அளவு களி, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசமில்லை? புரியவில்லை.

நாள் 218, 05:20
விளக்குகள் மொத்தமும் போய்விட்டன. மூச்சுக்காற்றுக்கும் வானொலிக்கும் மட்டும் மின்கலம் தாங்குகிறது. தொட்டியில் பாசி அழுகத் தொடங்கிவிட்டது, நாற்றம் தாங்கவில்லை. கப்பலிலிருந்து: "புயலில் இறங்க முடியாது. நாள் 233 வரை தாக்குப்பிடிக்கவும்."
அண்ணன் பதில் சொல்லவில்லை. கைவிளக்கோடு மீன் கூடத்துக்கு நடக்கிறேன்.

நாள் 218, 08:05
இறந்துவிட்டார். மீன் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடி. உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். தொட்டிக்குள் பன்னிரண்டு மீன்கள், உயிரோடு, சுற்றிலும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். விளிம்பில் காய்ந்த களி.
பதிவுக் கருவியில் அவர் குரல்: "மன்னிச்சிருங்க டாக்டரம்மா. எங்க மணப்பாட்டுல சினையோட மாட்டுனத திருப்பிக் கடல்ல விட்டுருவோம். கொல்லக் கை வரல. உங்க பங்க நான் தொடல. எம் பங்குலதான் பாதியப் போட்டேன்."
முட்டாள் மனுஷன். ஒரு கரண்டி கேட்டாரே. உட்கார்ந்து அழுதேன்.

நாள் 223, 12:00
நாளுக்கு ஒரு மீன். இன்று ஆறாவது.
என் கணக்கில் பிழையில்லை. அவர் பத்துப் பங்கு கொடுத்தார், ஒன்றுதான் மீனில் நின்றது. ஆனால் இருட்டில் அழுகாமல் எனக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதை மென்று விழுங்க வேண்டியிருக்கிறது.

நாள் 229, 11:40
கடைசி மீன். கப்பலுக்கு நான்கு நாள். காலையிலிருந்து இரண்டு முறை மயங்கி விழுந்தேன். இது இல்லாமல் தாண்டுவேனா, தெரியாது.
தண்ணீரில் கை விட்டேன். குஞ்சுகள் பயந்து ஓடித் தாயின் வாய்க்குள் புகுந்துகொண்டன. அது வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கியது.
கணக்குப்படி கொல்ல வேண்டும்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

நாள் 232, நேரம் தெரியவில்லை
வருகிறவர்களுக்கு. நான் எழுந்திருக்காவிட்டால், கதவருகில் கிடக்கும் என்னிடம் நிற்க வேண்டாம். நேரே தொட்டிக்குப் போங்கள். அந்தத் தாய் மீனைச் சமைத்துவிடாதீர்கள். கொண்டுவரும் உணவில் முதல் கரண்டி அதற்குப் போ