கை ஓங்குமுன் மூன்று வார்த்தை

பிப்ரவரி 3, சனி

பிரிக்பீல்ட்ஸ் கவுன்சிலர் ரசியா மேடம் கொடுத்த மருந்து இதுதான். கோபம் தலைக்கேறினால் கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றை உற்றுப் பார்க்க வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் மூன்று வார்த்தை தேட வேண்டும்.

"ஏன் இங்கிலீஷ்?" என்றேன்.

"தமிழ்லயும் மலாய்லயும் உங்களுக்குக் கெட்ட வார்த்தைதான் முதல்ல வருது, லோகன். இங்கிலீஷ்ல தேடணும். தேடுற நேரம் கை சும்மா இருக்கும் லா."

தேடினால் மாதவி திரும்பி வருவாளா? போன மாதம் அறைந்து அவள் உதட்டைக் கிழித்தேன். மகள் மலர்விழியைக் கூட்டிக்கொண்டு காஜாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மாறினால்தான் பேச்சு என்கிறாள். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை நானே மிதித்திருப்பேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கிள்ளான் பட்டறைக்கு வந்த ஒரு லோரிக்காரன், "பொண்டாட்டி ஓடிட்டாளாமே, பாஸ்" என்று இளித்தான். என் கையில் பெரிய ஸ்பேனர். ஒரே போடு, பல் அத்தனையும் தரையில் கிடக்கும். ஸ்பேனரையே பார்த்தேன். ஹெவி. ஆய்லி. மூன்றாவது வரவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம்தான் வந்தது — கோல்ட், ஜில்லிப்பு. ஸ்பேனரைச் சுவரில் வீசி அடித்தேன். சுவர்தானே, பரவாயில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பெட்டாலிங் ஜெயா சிக்னலில் ஹாரன் அடித்தவனின் கழுத்து: ஃபேட், பிங்க்... அதற்குள் பச்சை விழுந்துவிட்டது, தப்பித்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மலர்விழிக்கு மஞ்சள் நீராட்டு. பெற்ற அப்பனுக்கு அழைப்பு இல்லை. போனேன். மண்டப வாசலில் மாதவியின் அண்ணன் சுகுமாறன், கையில் தாய்மாமன் சீர்த்தட்டு. "உனக்கு இங்க என்னடா வேலை?" தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டான். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால்.

கொன்னிருப்பேன். சத்தியமா கொன்னிருப்பேன். அவன் மூக்கைப் பார்த்தேன். பிக்... ஷைனி... வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"இங்கிலீஷ்ல திட்டுறியாடா, நாயே?" இன்னோர் அறை.

"சாஃப்ட்" என்றேன்.

அடுத்த குத்து என் மூக்கில். சட்டையெல்லாம் ரத்தம். இராஜம்மா பெரியம்மா, "ஐயோ, இவனுக்கு என்னமோ புடிச்சிருக்கு, திருநீறு கொண்டாங்க" என்று கத்தினார். என் கை தொங்கியபடியே கிடந்தது. வாழைமரத்துக்குப் பக்கத்தில் மாதவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாதவியின் போன். "ஏன் திருப்பி அடிக்கல?" மூன்று வார்த்தை மருந்தைச் சொன்னேன். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. "ரெண்டு நாள் வந்து இருந்து பாக்குறோம்" என்றாள்.

மார்ச் 2, சனி

வந்துவிட்டார்கள். வீடெல்லாம் மீன் கறி வாசம். ஜெயித்துவிட்டேன்!

மார்ச் 3, ஞாயிறு

காலையில் அலமாரி மேலிருந்த காப்பித்தூள் டின்னை எடுக்கக் கையைத் தூக்கினேன். கோபமே இல்லை. ஏதோ பாட்டுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மலர்விழி சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். மாதவி அடுப்பைக்கூட அணைக்காமல் எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரு சத்தம் போடவில்லை. எத்தனை தடவை அடிச்சிருந்தா இப்படிப் பழகியிருக்கும்? இப்ப யாரைப் போய் அடிக்கிறது நான்?

டின்னைக் கீழே வைத்தேன். "சாப்பிட்டுட்டு காஜாங் போயிடலாம். நானே கொண்டுபோய் விடுறேன். கவுன்சிலிங்கை விடமாட்டேன்" என்றேன். மாதவி போய் அடுப்பை அணைத்தாள். பையை எடுத்து வைத்தாள்.

வழியெல்லாம் மழை, நெரிசல். பாதி தூரத்தில் மாதவி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். கல்யாணமான நாளிலிருந்து என் பக்கத்து சீட்டில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.