கிழக்கே பார்த்த கதவு

மாமு,

இங்கே மாத்தூரில் மணலி எண்ணெய் ஆலை வாடை வந்தால் நல்ல சேதி. இன்று அது இரண்டு மணிக்கு மேல்தான் வந்தது. அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கண்டெய்னர் யார்டில் இருந்த அத்தனை பேரும் "வந்துட்சிடா காத்து" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கிழக்கே திரும்பி நின்றார்கள். நான் மட்டும் திரும்பவில்லை. திருவொற்றியூரில் நாம் வேலை பார்த்த காலமெல்லாம் அதே நாற்றம் நமக்குக் கெட்ட சேதி. அங்கே மணலி மேற்கே இருந்தது. அந்த வாடை அடித்தால் மேல்காற்று இன்னும் விடவில்லை, கடல் காற்று திரும்பவில்லை என்று அர்த்தம். இங்கே மணலி கிழக்கே. கடல் காற்று அதைத் தாண்டித்தான் எங்களுக்கு வந்து சேருகிறது. நீ விழுந்த அன்றைக்கு அங்கே நாள் முழுக்க இந்த வாடைதான் அடித்தது.

நீ வெல்டர், நான் சர்வேயர். ஊர் ஊராய்ச் சுற்றி அடிபட்டு வரும் கண்டெய்னர் பெட்டிகளை நான் பார்த்து, ஓட்டை உடைசலுக்குச் சாக்பீஸால் வட்டம் போடுவேன். வட்டம் போட்ட இடத்தில் நீ தகடு வைத்துப் பற்றவைப்பாய். உள்வேலை இருக்கும் பெட்டிகளை மட்டும் கிரேன்காரர் சுவரோரமாக, கதவு கிழக்கே பார்க்கும்படி இறக்கிவைப்பார். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, வழிவழியாய் வந்த பழக்கம். வெயில் ஏறும் முன் கொஞ்சம் உள்வேலை, அப்புறம் வெளிவேலை, மத்தியானம் கடல் காற்று திரும்பியதும் மறுபடி உள்ளே. திறந்த கதவு வழியாகக் காற்று நேராகப் பெட்டிக்குள் நுழையும். கம்பெனிக்காரன் ஒரு மின்விசிறிகூட வாங்கித் தரவில்லை. "நமக்கு கடலே ஃபேனு மாமு" என்று நீ பெருமை வேறு அடித்துக்கொள்வாய்.

உன் பெண்ணுக்குப் பரீட்சை வந்த வருஷம் உன் தொல்லை தாங்கவில்லை. காலையில் அவளைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதை அப்படியே யார்டுக்குக் கொண்டுவந்து எங்கள் கழுத்தை அறுப்பாய். "வானிலைன்றது வேற, காலநிலைன்றது வேற. ரெண்டையும் ஒண்ணா எய்தினா மார்க்கு கெடையாது" என்றாய். என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன். கேட்டைக் காட்டினாய்.

"இன்னிக்கி அந்த கேட்ல இன்னா பொட்டி வரும்னு உனுக்குத் தெரியுமா? தெரியாது. அது வானிலை. ஆனா மயை முடிஞ்சா துருப்புடிச்ச பொட்டியா வரும், வருசா வருசம் அப்டித்தான்னு தெரியும்ல? அது காலநிலை. முப்பது வருசம் பாத்துட்டு சொல்றது."

ஓர் ஊரின் காலநிலையை எதெல்லாம் தீர்மானிக்கிறது என்ற பாடத்தையும் நீ விடவில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரம், மலை எந்தப் பக்கம், காற்று எங்கேயிருந்து, கடலில் நீரோட்டம் எப்படி என்று ஒப்பித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நம் ஊரை வைத்து வியாக்கியானம் செய்தாய். "சூரியன் நம்ம மண்டைக்கு நேரா கீது. ஊட்டி மாரி ஒசரமும் கெடையாது. மேக்கால வர்ற மயைய அந்தாண்ட மலையே வாங்கிக்குது, நமக்கு காஞ்ச காத்துதான் மிச்சம். இந்தக் கடல் ஒண்ணுதான் நமக்குத் தொண." கடலோர ஊர்களில் வெப்பம் மிதமாக இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்த வரிக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாய். எழுதியவரைக் கூட்டிவந்து நம் பெட்டிக்குள் ஒரு மத்தியானம் உட்காரவைக்க வேண்டும் என்றாய்.

அன்றைக்கே ஒரு பெட்டிக்கு லைட் டெஸ்ட் இருந்தது. உள்ளே நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் எங்கேயாவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. கதவு சாத்தியதுமே பெட்டி அடுப்பில் வைத்த இட்லிப்பானை ஆகிவிட்டது. அந்த வேக்காட்டிலும் உனக்கு வாய் சும்மா இல்லை.

"பூமிக்கும் இப்டித்தான் கதவ சாத்திக்கினு கீறானுங்கோ. வெயிலு உள்ள வந்துருது, சூடு வெளிய போவ மாட்டேங்குது. எண்ணூராண்ட கரண்டு எடுக்க கரி எரியுது பாரு, அந்தப் பொகையோட போற வாயு பண்ற வேல. இங்க மட்டும் இல்ல, ஒலகம் பூரா எரிக்கிறானுங்கோ."

"அப்ப கதவ யாரு தொறப்பா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு என்னைக் கேக்குற? என்னாண்டயா சாவி கீது?" என்றாய்.

காற்று பிந்துகிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் நீதான். முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே திரும்பிவிடும் காற்று, பல நாட்களில் சாப்பாடு முடிந்தும் வரவில்லை. தரைக்கும் கடலுக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தானே காற்று ஓடும், கடலும் சுட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டாய். சூப்பர்வைசரிடம் போய் உள்வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாய். "இந்த வருஷம் ஏதோ அப்படி இருக்கு" என்றார். அடுத்த வருஷமும் போய்க் கேட்டாய். அதே பதில்தான்.

நீ விழுந்த அன்றைக்குக் கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கத்திரி வெயிலுக்காகக் கேட் பக்கம் வைத்திருந்த மோர் டிரம்மை, காலண்டரில் கத்திரி முடிந்த மறுநாளே எடுத்துவிட்டார்கள். நாமும் ஒன்றும் சொல்லவில்லை. கத்திரி போனால் வெயில் இறங்கும் என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்த ஜனங்கள்தானே நாம். சாப்பாடு முடிந்தும் மணலி வாடை போகவில்லை. லாரி காத்திருந்தது. "இப்போ திரும்பிடும் மாமு, கதவு கெயக்கதான கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். நான் கேட் பக்கம் வேறு பெட்டி பார்க்கப் போனேன். மேற்கிலிருந்து அடித்த அனல் காற்று பெட்டியின் முதுகில் மோதி மோதித் தகட்டைக் காய்ச்சியதே தவிர, கிழக்கே பார்த்த கதவுக்குள் ஓர் இழை காற்றுகூடப் போகவில்லை. வெல்டிங் பொறி வராததைப் பார்த்து கிரேன்காரர்தான் கத்தினார்.

வெளியே தூக்கிவந்தபோது உன் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு உயிரே போய்விட்டது. என்னை உன் பெண்ணின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய், ஒழுங்காகப் படி என்றாய். ஆட்டோவில் வழி நெடுகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். மறுநாள் போய்விட்டாய்.

சாவு வீட்டுக்கு மாலையோடு வந்த சூப்பர்வைசர், "ஒரு நாள் வெயில் இப்படி அடிச்சா மனுஷன் என்ன பண்ண முடியும்?" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஒரு நாளா? வருசா வருசம் உன்னாண்ட வந்து சொன்னானே! ஒரு நாளா இருந்தா வானத்தத் திட்டிட்டு நான் வாய மூடிக்கினு போயிருப்பேன்!" என்று கத்தினேன். வானிலை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. காலநிலையே மாறிவிட்டது என்று ஒத்துக்கொண்டால் வேலை நேரத்தை மாற்ற வேண்டும், மின்விசிறி வைக்க வேண்டும், மோர் டிரம் இருக்க வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். உன் விஷயத்தில் பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

உன் இடத்துக்கு உன் மச்சானே வந்தான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. என்னால் முடிந்தது ஒன்றுதான். காற்று திரும்பாத வரைக்கும் உள்ளே வட்டம் போடமாட்டேன் என்று நின்றுவிட்டேன். வட்டம் இல்லாமல் வெல்டர் உள்ளே போக முடியாது. லாரிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், திட்டட்டும் என்று இருந்தேன். அந்தக் கோடை அப்படியே போனது. இந்தக் கோடை ஆரம்பித்ததும் என்னை மாத்தூர் யார்டுக்கு மாற்றிவிட்டு, காற்றைப் பார்க்காமல் கடிகாரம் பார்த்து வட்டம் போடும் ஆளை அங்கே வைத்துவிட்டார்கள்.

உன் மச்சானை வேறு வேலைக்கு அனுப்பு என்று உன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். "எங்க அனுப்புவேண்ணா? எந்த வேலைக்குப் போனாலும் இந்த வெயில்லதானே போவணும்? வூட்லயே கெடன்னு சொன்னாலும் மேல தகரம், விடியுற வரிக்கும் செவுரு சுடுது" என்றாள். 

ஆகவே தினமும் சாப்பாட்டு வேளையில் உன் மச்சானுக்கு போன் போடுகிறேன். "உள்ள கீறியா, வெளிய கீறியா?" அவ்வளவுதான் கேட்பேன். முதலில் சிரித்தான், அப்புறம் எரிந்து விழுந்தான், இப்போது நான் வாயைத் திறக்கும் முன்பே "வெளிய கீறேண்ணா" என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். சில நாள் எடுக்கமாட்டான். வெல்டிங் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்வான். வெளியே இருக்கும் நாளில் அந்தச் சத்தத்திலும் எடுக்கிறானே, அப்படியென்றால் உள்ளே இருந்திருக்கிறான்.

இன்றைக்கு இன்னும் எடுக்கவில்லை, மாமு.