சூடு தெரியும், வலி தெரியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். குழந்தைக்குப் பல் முளைத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். கீழ்ப்பல் இரண்டும் அப்படியே உன்னுடையது. போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அந்தக் காய்ச்சல் அப்பாவின் நரம்பைத் தாக்கியது உனக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே தொட்டால் தெரியாது. தன் கை எங்கே இருக்கிறது என்பதைக்கூடக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பட்டறையில் லாரி டயரைத் தனியாகப் புரட்டிய மனுஷர், டம்ளரைப் பிடிக்க முடியாமல் கட்டிலில் கிடக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம், "தொடுறதுதான் தெரியாதும்மா. சூடு தெரியும், வலி தெரியும். பார்த்து நடந்துக்குங்க" என்றார். அவர் எச்சரிக்கையாகச் சொன்னார். நான் அதை வேறு மாதிரி வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரமே தொடங்கிவிட்டது. புரட்டிப் படுக்கவைக்கும்போது முதுகில் ஒரு குத்து விட்டேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவர், "என்னவோ சுருக்குங்குது" என்றார். மறுநாள் கிள்ளினேன். பிறகு துடைப்பக் கட்டை. இருபத்தாறு வருஷம் அவர் கையால் வாங்கினேன், மகளே. என் இடது காது போன கதையும், உன் தோள் எலும்பு முறிந்த கதையும் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பழைய நாளை நினைத்துக்கொள்வேன். போகப் போக, நினைக்காமலே கை எழுந்தது.

போன மாதம் மூளையை ஆராய்கிற டாக்டரம்மா ஒருவர் அப்பாவை வரச் சொன்னார். மெஷினுக்குள் படுக்கவைத்து, கண்ணைக் கட்டி, முன்கையில் மெத்தென்ற பிரஷ்ஷால் மெதுவாகத் தடவினார்கள். எங்கே தொட்டார்கள் என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்னன்னு தெரியல, இதமா இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். டாக்டரம்மா எனக்குத் திரையில் காட்டினார். தொட்ட இடத்தை அறிகிற பகுதி அசையாமல் கிடந்தது. உள்ளே ஆழத்தில், நல்லது கெட்டதை உணர்கிற பகுதி மட்டும் விழித்திருந்தது. இதமான தடவலுக்கென்றே தோலில் மெல்லிய நரம்புகள் தனியாக உண்டாம். மெதுவாகத் தடவினால்தான் அவை பதில் சொல்லுமாம். அந்த மனுஷருக்கு அது மட்டும் சாகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க என் கையிலும் தடவ வந்தார். பிரஷ் பட்டதுதான் தெரியும். டாக்டரம்மாவின் கண்ணாடி தரையில் உடைந்து கிடந்தது, உதட்டில் ரத்தம். நான் அடித்திருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கும் அந்த நரம்பு நல்லாத்தான் இருக்கும்மா. அது வாயைத் திறக்கிறதுக்குள்ள பயம் முந்திக்குது" என்றார். பிறகு அப்பாவின் தோளில் இருந்த கன்றலைக் காட்டிக் கேட்டார். கட்டிலில் இடித்துக்கொண்டார் என்றேன். "ஆமா, நான்தான் இடிச்சுக்கிட்டேன்" என்றார் உன் அப்பா. எத்தனை ஆஸ்பத்திரியில் இதே வார்த்தையை நான் சொல்லியிருப்பேன்.

முந்தாநாள் கரண்டியை அடுப்பில் காய்ச்சி அவர் கையில் வைத்தேன். காய்ச்சும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் அப்படித்தான் மூடிக்கொள்வேன். தோல் பொசுங்கிய வாடை இன்னும் வீட்டில் இருக்கிறது. பிறகு நானே மருந்து எடுத்துவந்து, புண்ணைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவினேன். கண்ணைத் திறக்காமல், "இதமா இருக்கு" என்றார். அடுப்பங்கரைக்குப் போய் வாந்தியெடுத்தேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது என்னால் ஆகாது. ஆனால் அடிப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நேற்று, அவர் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். கரண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஆள் வந்து அவரை அழைத்துப் போவார்கள். போலீஸும் வரலாம். ஒளிக்கப் போவதில்லை.

நீ ஒரு தடவை வந்து போ. வந்தால் பின்னாலிருந்து கட்டிப்பிடிக்காதே. கேட்கிற காதுப் பக்கமாக நின்று அம்மா என்று கூப்பிடு, பிறகு மெதுவாகத் தொடு. நான் உதறினாலும் கையை எடுத்துவிடாதே. உன் குழந்தையைத் தூக்கும் கை எப்போதும் மெத்தென்று இருக்கட்டும்.

உன் அம்மா