கடைசியில் ஓடிய பெயர்கள்

அன்பு மச்சானுக்கு ஸலாம். போனில் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

நீங்களும் இன்னும் பலரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு எடுக்க வைத்த பேய்ப்படத்தின் டிவிடி வீட்டுக்கு வந்துவிட்டது. ஷார்ஜாவில் இருந்துகொண்டு நீங்கள் உங்கள் சேனலில் விமர்சனம் செய்ய, இங்கே நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பக்கத்து வீட்டு ஜெப்சியோடு உட்கார்ந்து பார்த்தேன். உப்பளத்தில் வெள்ளைச் சேலை கட்டிப் பேய் வந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? "பேய்க்கு வேற கலர் சேலை கெடைக்கலையாக்கா?" என்றாள் ஜெப்சி.

படம் முடிந்ததும் பணம் போட்டவர்களின் பெயர்கள் ஓடின. உங்கள் பெயரைக் காணோம். உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் திரும்ப ஓட்டினேன். அப்போதுதான் 'ஃபஸீலா, வாலிநோக்கம்' என்பது கண்ணில் பட்டது.

பிள்ளைக்கு ஏழாம் நாள் வைப்பதற்காக நாம் பார்த்து வைத்திருந்த பெயர். அவள் ஐந்து நாள்தான் இருந்தாள். அதற்குப் பிறகு நாம் இருவருமே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"யாருக்கா அது?" என்று ஜெப்சி கேட்டாள்.

"எம் மக" என்றேன்.

விமர்சனத்தில் அந்தச் சேலையைக் குறை சொல்ல வேண்டாம், மச்சான்.

இப்படிக்கு,
ஃபஸீலாவின் உம்மா