கறுப்பிக்கு விரதம் இல்லை

மாமி, இன்று விடிய மழை விட்டதும் பின்கதவைத் திறந்தேன். மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் கறுப்பு இறகுகள் ஒரு பிடி ஒட்டிக் கிடந்தன. என் கோழி கறுப்பி மறுபடியும் இறகு கொட்டத் தொடங்கிவிட்டாள். உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. பாசத்தில் என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். ஆத்திரத்தில்.

கொழும்பில், வெள்ளவத்தையில் என்ன குளிர் என்று ஆட்கள் சிரிப்பார்கள். மார்கழி மழையில் இறகில்லாமல் நிற்கிற கோழியிடம் அதைக் கேட்க வேண்டும். உங்களுக்கும் அது விளங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கும் ஒதுங்காதவள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். சரிதான். ஆனால் கோழி எனக்குத் தெரியும். இறகு கொட்டினால் அது முட்டையை நிறுத்திவிடும். தின்பதெல்லாம் புது இறகுக்குத்தான் போகும். நெத்தலித் தலை, கருவாட்டுத் தூள் என்று சத்தாய்ப் போட வேண்டும். கூட்டுக்குள் ஈரம் வரக்கூடாது. கையால் தூக்கவே கூடாது. முள்ளு முள்ளாய் முளைக்கிற புது இறகுக்குள் இரத்தம் இருக்கும், தொட்டாலே நோகும்.

அந்த வருஷம் அவள் கொட்டத் தொடங்கியது சரியாகத் திருவெம்பாவை விரதத்துக்கு. வீட்டில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள். நாங்கள் பருப்பும் பூசணிக்காயும் தின்றோம், அதை நான் குறை சொல்லவில்லை. கறுப்பியையும் பட்டினி போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாங்கி ஒளித்து வைத்த நெத்தலியை மணம் பிடித்துக் கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டீர்கள். அந்தப் பூனை அதற்குப் பிறகு உங்களைக் கண்டால் கும்பிடாத குறை. கறுப்பிக்கு நீங்கள் அனுமதித்தது அவித்த பயறு. அவள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அதோடு விட்டீர்களா? சனிக்கிழமை நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவளைப் பிடித்து, நல்லெண்ணெய் தேய்த்து, சீயாக்காய் போட்டு முழுக வார்த்திருக்கிறீர்கள். நான் வரும்போது வெளியே தூறல். அவள் கிணற்றுக்கட்டு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நடுங்குகிறாள். முளைத்த இறகுகளில் பாதி நசிந்து இரத்தம் கசிகிறது.

"சூட்டிலதான் பிள்ளை இறகு கொட்டுது. எண்ணெய் வைச்சா உடம்பு குளிரும்" என்றீர்கள், பெரிய வைத்தியர் மாதிரி.

"நல்லாத்தான் குளிர்ந்திருக்கு மாமி. இனிக் கொண்டையும் முடிஞ்சு பூ வைச்சு விடுங்கோ, அப்பிடியே பாடையில ஏத்துவம்" என்றேன்.

உங்கள் மகன், என் மனுசன், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் திரும்பவும் சந்தைக்குப் போனேன். நெத்தலி வாங்கி வந்து, ஒளிக்காமல், உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே குசினியில் அடுப்பில் வைத்தேன்.

"இந்த வீட்டில இருக்கிற எல்லாருக்கும் விரதம்தான். மீன் வாசம் வந்தா நான் தண்ணியும் குடிக்க மாட்டன்."

"கறுப்பிக்கு விரதம் இல்லை மாமி. நீங்கள் குடிக்காட்டி விடுங்கோ."

அவளைத் துவாயால் ஒற்றி எடுத்து, சாக்கு விரித்த பெட்டியில் வைத்து, பல்பைப் பக்கத்தில் எரிய விட்டேன். நெத்தலியை மசித்து, சொண்டைத் திறந்து ஊட்டினேன். முதலில் துப்பினாள். பிறகு விழுங்கினாள். நீங்கள் உண்மையாகவே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். மகன் வந்து கெஞ்சின பிறகுதான் எழும்பினீர்கள்.

தைப்பொங்கலுக்குக் கறுப்பி புதுச் சேலை கட்டின மாதிரி மினுங்கினாள். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் உங்கள் எண்ணெய் முழுக்கின் மகிமையைச் சொன்னீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொங்கல் பரிமாறினேன்.

அடுத்த மார்கழியில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். உடம்பில் சத்தே இல்லை, தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கறுப்பி அப்போது இட்டுக்கொண்டிருந்தாள். அவித்து, மசித்து, மிளகு போட்டுக் கொண்டுவந்தேன். அது திருவெம்பாவைக் காலம். நீங்கள் உதட்டை இறுக்கி மூடினீர்கள்.

"படுக்கையில கிடக்கிற வருத்தக்காரருக்கு விரதம் இல்லை மாமி" என்றேன். சிரிக்க வைக்கப் பகிடி விட்டேன், ஏசினேன், கடைசியில் கெஞ்சியும் பார்த்தேன்.

"திருவெம்பா முடியட்டும் பிள்ளை."

அதுவரைக்கும் உங்கள் உடம்பு பொறுக்கவில்லை.

செத்தவீட்டில், விரதத்தோடேயே போன புண்ணியவதி என்று எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. குசினிக்குள் போய் உங்கள் முட்டைக் கரண்டியைக் கழுவினேன். இன்னும் முட்டை மசிக்கும்போதெல்லாம் நீங்கள் இறுக்கி மூடின உதடுதான் கண்ணுக்குள் வருகிறது மாமி. உங்கள் கன்னத்தை அழுத்திப் பிடித்து வாயைத் திறந்திருக்கலாம், என் கையில் அதற்குப் பலம் இருந்தது. மாமி என்ற மரியாதைக்கு விட்டுவிட்டேன்.

நீங்கள் கோழியாய் இருந்திருந்தால் நான் விட்டிருக்கவே மாட்டேன்.