பேசினால் விளக்கெரியும் அறை

பெர்லின்

அன்புள்ள சிந்தாமணிக்கு,

விக்கிரமங்கலத்தில் மழை உண்டா? உன் முழங்கால் வலி எப்படி? எழுதப்போவது:
1. நான் இங்கு சௌகரியம்.
2. நேற்றைய வேடிக்கை.
3. ஒரு வேண்டுகோள்.

பேச்சுக்குரல் கேட்டால் விளக்கெரிந்து, வெகுநேரம் கேட்காவிட்டால் அணைந்துவிடும் அறையொன்றைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைத்தேனே, நேற்று நான் உள்ளே படித்துக்கொண்டிருக்கும்போதே அது விளக்கை அணைத்துவிட்டது. என் ஆய்வு மாணவி, நம் பாடாலூர் மேகலா, சிரித்துவிட்டாள்.

"சார், காலைல எனக்கு வணக்கம் சொன்னதுக்கப்புறம் நீங்க வாயே தொறக்கல. ஆளே இல்லன்னு நெனச்சிடுச்சுங்க!"

என் கணக்கில்தான் பிழையோ என்று சரிபார்த்தேன், இல்லை.

சமைக்கும்போது எனக்கு ஃபோன் போட்டு அடுப்படியில் வைத்துவிடு. என்னிடம் பேச வேண்டாம். வழக்கம்போல் பூனையைத் திட்டிக்கொண்டிரு, அறைக்கு அது போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சௌகரியம் என்று முதலில் எழுதியது தவறு.

குருநாதன்