நல்லா இருக்கேன் என்று சொன்ன வாய்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பதினெட்டு விரிப்பு. விடுதியில் கூட்டம் என்றால் சலவைக்கூடத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. என் ஜோடி ஒட்டடைக்கொம்பு. பெயர் வைத்தது நான்தான், உயரம் அப்படி. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. மேல்கைக்காரி தலைக்கு மேலே தூக்கி உதறி இறக்க வேண்டும், கீழ்கைக்காரி இடுப்பளவில் வாங்கி மடிப்பைச் சேர்க்க வேண்டும். பத்து விரிப்புக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வது வழக்கம். கொஞ்ச நாளாக மாற்றுவதில்லை. "உன் உயரத்துக்கு அதுதான் பொருத்தம்"னு அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சாப்பிடும்போது எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். போன மாதம் சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரை ஒருவன் பின்னாலிருந்து வந்து இடித்தானே, அது விஷயம். மரியாதையான குரல். பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்றார். "எனக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கேன். காருக்குத்தான் பாவம் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவரைச் சிரிக்கவைப்பது லேசா?

மார்ச் 9, ஞாயிறு

இடது தோள் முரண்டு பிடிக்கிறது. காரில் பெல்ட் இழுத்த இடம். என் மாமியாரே தேவலை.

மார்ச் 19, புதன்

வீட்டுக்காரர் விடவில்லை, எலும்பு டாக்டரிடம் இழுத்துப்போனார். படம் எடுத்தார்கள். தோளுக்குள்ளே நரம்பு மாதிரி ஒன்று தசையை எலும்போடு கட்டியிருக்கிறதாம். அது கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இந்தக் கை இனித் தோளுக்கு மேலே போகாது. செய்தால் ஐந்து மாதம் வேலைக்குப் போகக்கூடாது.

"தையல் நான் வேணா வீட்டுலயே போட்டுக்கவா டாக்டர், ஊசி இருக்கு" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். என் மகள் வயதுதான், பேச்சில் கத்தி. ஐந்தாவதோடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். இடித்தவன் எடுத்து வைத்திருப்பது இருப்பதிலேயே சின்ன இன்சூரன்ஸ். அவன் கம்பெனி அதை முழுசாகக் கொடுக்கத் தயார், ஆனால் அது காரோடும் படம் எடுத்த செலவோடும் சரி. ஆபரேஷன் செலவில் கால்வாசிக்குக்கூட வராது. அவனிடம் சொந்தமாகவும் ஒன்றும் இல்லை. மீதியைக் கொடுக்க வேண்டியது எங்கள் கம்பெனி. எதிராளியின் இன்சூரன்ஸ் போதாவிட்டால் நாங்கள் தருகிறோம் என்று எங்கள் பாலிசியில் ஒரு பிரிவு இருக்கிறதாம். வருஷா வருஷம் அதற்கென்று வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. கட்டச் சொன்னார்கள், கட்டினேன் என்கிறார். இப்போது ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி நடக்கிறார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார் வக்கீலம்மா. எங்கள் கம்பெனி சம்மதக் கடிதம் கொடுக்கும்வரை இடித்தவன் கம்பெனியின் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் எங்கள் கம்பெனி தரவேண்டிய மீதி போச்சு.

ஏப்ரல் 14, திங்கள்

சம்மதக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதிதான் ஆழம் என்கிறார் வீட்டுக்காரர். வாயைக் கழுவச் சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

எங்கள் கம்பெனி முடியாது என்று எழுதிவிட்டது.

காரணம் இரண்டு. விபத்துக்குப் பிறகும் நான் ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போயிருக்கிறேன், விரிப்புக் கணக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டாவது, கல்லு மாதிரி இருக்கேன் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சிரித்த மனிதர். சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கார் பாரு.

நாட்குறிப்பு ஏதாவது உண்டா என்று வக்கீலம்மா கேட்டார். மகள் வாங்கிக் கொடுத்த இந்த நோட்டைப் பெருமையாக நீட்டினேன். அங்கேயே உட்கார்ந்து படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு மூடிவைத்துவிட்டு, "அக்கா, வலிக்குதுன்னு ஒரு இடத்துலகூட எழுதலையே" என்றார்.

யாருக்குப் பயந்து எழுதாமல் விட்டேன்? இதை நான் மட்டும்தானே படிக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வலிக்கிறது.

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

காலையில் ரவிக்கைக்குள் கையை விட வலிக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, பக்கத்திலிருப்பவர் மேல் சாய்ந்து நிற்கிறேன், வேண்டுமென்றே சாய்கிறேன் என்று ஒரு அம்மா முறைத்தது. இடது பக்கம் படுக்க முடியாது. அந்தப் பக்கம்தான் வீட்டுக்காரர் படுப்பார். ரெண்டு மாசமா அவருக்கு என் முதுகைத்தான் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன், ஏன்னு அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேக்கல, நானும் சொல்லல. விரிப்புக் கணக்கு குறையவில்லையாம். எப்படிக் குறையும்? கணக்கு ஜோடிக்குத்தானே, ஆளுக்கு இல்லையே. மேல்கை முழுக்க ஒட்டடைக்கொம்பு எடுக்கிறாள்.

இதை அவள் வந்து சொன்னால் முடிந்தது. ஆனால் அடிபட்டவர்கள் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது சலவைக்கூடத்துச் சட்டம். சொன்னால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் நான் சொல்லவில்லை. அவளும் சேர்ந்து மறைத்தாள் என்று தெரிந்தால் அவள் வேலைக்கும் வேட்டு. இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வைத்துக் காப்பாற்றுகிறவள்.

கேட்க மாட்டேன்.

மே 6, செவ்வாய்

கம்பெனி என்ன சொன்னது என்று ஒட்டடைக்கொம்பு கேட்டாள். "என் அழகுல மயங்கி யோசிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன். அவள் அடுத்த விரிப்பைத் தூக்கினாள்.

மே 20, செவ்வாய்

இன்று விசாரணை. நீண்ட மேஜை, நடுவராக ஒரு அம்மா, எதிரே கம்பெனி வக்கீல். நான் பேசிய போனைப் போட்டுக் காட்டினார்கள். காருக்கு இடுப்பு ஒடிந்த இடத்தில் நடுவரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

கம்பெனி வக்கீல் நிதானமாகக் கேட்டார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்மா?"

"எங்கம்மா செத்த அன்னைக்கும் ஒருத்தர் போன்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு சார். அன்னைக்கும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னேன்."

நடுவரம்மா இடது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மார்பு வரை வந்து நின்றது. நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்து நின்றது, முழுங்கிவிட்டேன். அதை முழுங்கினதுதான் இன்று நான் செய்த பெரிய வேலை.

அப்புறம் கதவு திறந்தது. ஒட்டடைக்கொம்பு. நான் கூப்பிடவில்லை, சாமி சத்தியமாகக் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார். காலையிலேயே மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வந்தாளாம். கையில் ஒரு விரிப்பு, பெரிய கட்டிலுக்குப் போடுவது. நடுவரம்மாவிடம் அனுமதி கேட்டாள். கம்பெனி வக்கீலை எழுந்து நிற்கச் சொன்னாள்.

"நீங்க மேல்கை சார். தலைக்கு மேல தூக்கி உதறுங்க. இன்னும் மேல."

அவர் உதறினார். ஏழாவது தடவை கோட்டைக் கழற்றிவைத்தார். பதினொன்றில் போதும் என்றார்.

"ஒரு நாளைக்கு நூறுக்கு மேல சார். மாத்தி மாத்திச் செய்வோம். மூணு மாசமா அக்காவுக்கு ஒரு மேல்கைகூட நான் குடுக்கல. அது பேசிக்கிட்டே இருக்கும், ஆனா கை இறங்கியே கிடக்கும். நான் கேக்கல. கேட்டா அதுவும் ஏதாச்சும் ஜோக்கு சொல்லும்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விரிப்பின் கீழ் முனை தரையில் கிடந்தது. குனிந்து அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கம்பெனி இறங்கி வந்தது. கேட்டது முழுக்க இல்லை. ஆபரேஷனும் ஐந்து மாதச் சம்பளமும் வரும். போதும் என்றேன். வக்கீலம்மா இன்னும் இழுக்கலாம் என்றார். இழுத்த இழுப்பில்தானே தோள் போச்சு என்றேன்.

ஒட்டடைக்கொம்புக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். நன்றி என்று சொல்லத்தான் போனேன். சொன்னேன். கிண்டல் சேர்க்காமல் சொன்னேன். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "போக்கா, காபி ஆறுது" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். தனக்கும் என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

கை கழுத்தில் தொங்குகிறது. வீட்டுக்காரர் எனக்குத் தலைசீவி விடுகிறார். கண்ணாடியைக் காட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பயிற்சி கொடுக்கும் பெண் சுவரில் விரலால் நடக்கச் சொல்கிறாள். இன்று ஜன்னல் அடிக்கட்டை வரை நடந்தேன். வலிக்குதா என்றாள். வலிக்குது என்றேன். அப்போ இன்னும் ரெண்டு அடி நடங்க என்றாள். இவளிடம் உண்மையைச் சொல்லியும் பிரயோஜனமில்லை.

நவம்பர் 24, திங்கள்

அடுப்படி மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தேன். மகளோடு போனில் பேசிக்கொண்டே எடுத்தது. அவள் வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பதிலுக்கு ஒன்று எடுத்துவிடத் தயாராக இருந்தேன். டப்பாவை மேடையில் வைத்தபிறகுதான் பார்த்தேன், போன் வலது கையில் இருந்தது.

அப்படியே நின்றேன். மகள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தாள்.